காற்றில்லாத செவ்வாய்

எக்டர்னாக்,
8 ஜனவரி 2018

திருமதி இர்மா தில் அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன்.

அலமாரியை ஒழுங்கு செய்தபோது உங்கள் கைக்குட்டை கிடைத்தது. சென்ற ஆண்டு பெந்தகோஸ்து செவ்வாயன்று, துள்ளல் பவனியின் நடுவே, சந்தைச் சதுக்கத்தில் நீங்கள் விட்டுவிட்டுப் போனது. மறுமுனை என் கையில் இருந்ததால் அது தரையில் விழவில்லை. துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு இத்துடன் அனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு இஸ்திரி போட நேர்ந்ததால் ஒரு மடிப்பு கோணலாக இருக்கலாம். மன்னிக்கவும்.

இன்னொரு விஷயம். இந்த ஆண்டு பவனிக்கான வரிசைப் பட்டியலைத் திரு. கீஃபர் இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார். கைக்குட்டை முனைகளைப் பிடித்துக்கொண்டு துள்ளும் எங்கள் ஐவர் வரிசையில் என் இடப்பக்கம் நாற்பத்து நான்கு ஆண்டுகளாக உங்களுடையது. திருமதி ஷ்லெக் அந்த இடத்தைக் கேட்கிறார். நீங்கள் வரப்போவதில்லை என்று ஒரு வரி எழுதினால் அவருக்குக் கொடுத்துவிடலாம்.

"கைக்குட்டையைக் காத்து பிடுங்கிட்டுப் போயிடுச்சு" என்று அன்று மாலை தொலைபேசியில் சொன்னீர்கள். அன்று காற்றே இல்லை. பேராலயத்தின் கொடிகள் கொடியில் காயப்போட்ட துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. புனித வில்லிபிரார்டின் கல்லறை வரைக்கும் என் இடக்கையில் யாரும் பிடிக்காத ஒரு துணியோடு நான் துள்ளினேன். ஊர் முழுக்கப் பார்த்தது. இதைப் பற்றி மேலும் பேச விருப்பமில்லை.

இப்படிக்கு,
ஃபெலிசி ஹெங்கன்


கிளெர்வோ,
13 ஜனவரி

ஃபெலிசி,

உறையின் மேல் அந்த மரியாதையைப் பார்த்து, வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் என்று நினைத்து இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். அறுபத்தைந்து வருடங்களாக என்னை "நீ" என்றும், கோபம் வந்தால் "கழுதை" என்றும் கூப்பிட்டவளுக்கு இப்போது நான் "நீங்கள்" ஆகிவிட்டேன். சரி, இருக்கட்டும்.

கைக்குட்டை வந்தது. மடிப்பு கோணல்தான். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. "உட்கார்ந்துகொண்டு" என்ற வார்த்தையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மடத்துப் பள்ளியில் சிஸ்டர் அன்ஸெல்மா என்ன சொல்வார்? "உக்காந்து இஸ்திரி போடுறவ படுத்துக்கிட்டுதான் ஜெபம் சொல்லுவா." அதற்கு எல்லோரும் சிரித்தோம், நீ மட்டும் தலையாட்டினாய். உன் கணவன் ஜோஸை அடக்கம் செய்த மறுநாள்கூட நீ நின்றபடிதான் அவனுடைய சட்டைகளை இஸ்திரி போட்டாய். நான் பக்கத்தில் இருந்தேன்.

எந்தக் கால்? காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் அடி ஆணியின் மேல் வைத்ததுபோல் இருக்கிறதா? குளியலறை வரை நடந்ததும் கொஞ்சம் குறைந்து, வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி குத்துகிறதா?

இதற்குப் பதில் எழுது. இடத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். ஷ்லெக்குக்கு மட்டும் கொடுத்துவிடாதே. அவள் மேளத்துக்கு முன்னாலேயே துள்ளுகிறவள்.

இர்மா


எக்டர்னாக்,
24 ஜனவரி

திருமதி இர்மா அவர்களுக்கு,

இடது கால். நீங்கள் எழுதியபடியேதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கப் போவதில்லை. மற்றவர்கள் வீட்டு விஷயத்தை மோப்பம் பிடிப்பதில் நீங்கள் எப்போதும் கெட்டிக்காரர்.

அக்டோபரில் தொடங்கியது. குளிர் என்று நினைத்து இரட்டைக் காலுறை போட்டுக்கொண்டேன். நவம்பரில் திருப்பலிக்கு எழுந்து நிற்கும்போது முன் பெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பக்தி மிகுதியால் அப்படிச் செய்வதாகத் திருமதி ஷ்லெக் நினைத்தார். நானும் திருத்தவில்லை. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார். குதிகால் எலும்பின் அடியில், முன்பக்கம் பார்த்தபடி, ரோஜாச் செடியில் இருப்பதுபோல ஒரு முள். தெளிவாகத் தெரிந்தது. எனக்கு ஒரு விதத்தில் நிம்மதி. காரணமில்லாமல் நான் வலி என்று சொல்கிறவள் இல்லை.

"சரி. எப்ப வெட்டி எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"வெட்ட வேண்டாம், மேடம். இந்த முள்ளு நிறையப் பேருக்கு இருக்கு. பாதிப் பேருக்கு வலியே இருக்காது."

"எனக்கு வலிக்குதே."

"வலிக்கிறது முள்ளு இல்ல. உள்ளங்கால்ல குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் ஒரு பட்டை ஓடுது. அது இழுபட்டு இழுபட்டுப் புண்ணாகி இருக்கு. ராத்திரி பூரா சுருங்கிக் கிடக்கும், காலைல எந்திரிச்சதும் இழுபடும். அதான் அந்த முதல் அடி."

"அப்ப இந்தப் படம் எதுக்கு?"

"நீங்க கேட்டீங்க" என்றார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

ஏதாவது புதிதாகக் காலுக்கு வேலை கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது முழு உண்மையல்ல. செப்டம்பரிலிருந்து தினமும் காலையில் சமையலறையில் அரைமணி நேரம் துள்ளிப் பழகுகிறேன். சென்ற ஆண்டு நடந்ததற்குப் பிறகு, வரிசையில் என் பக்கம் ஒரு குறையும் வரக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

மாதக்கணக்கில் ஆகும் என்கிறார் டாக்டர். எனக்குப் பவனி நாளான மே 22 வரைதான் நேரம் இருக்கிறது. ஒரு தடவை வரிசையைவிட்டு வெளியே வந்தால் எங்கே உட்காரவைப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். மருந்துக்கடை வாசலில், மடியில் கம்பளியோடு, கிழவிகளின் நாற்காலி வரிசையில். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. வலிப்புக்காரர்களும் முடவர்களும் ஆயிரம் வருடமாகத் துள்ளிப்போய் அந்தப் புனிதரிடம்தான் குணம் கேட்டார்கள். என் குதிகாலையும் அவரிடமே துள்ளிக் கொண்டுபோவேன்.

ஃபெலிசி ஹெங்கன்


கிளெர்வோ,
2 பிப்ரவரி

அடியே ஃபெலிசி,

சமையலறையிலா? அந்தக் கல் தரையிலா? அந்தத் தேய்ந்த கம்பளிச் செருப்போடா? எழுபத்தெட்டு வயதில் தினமும் அரைமணி நேரம்?

துள்ளித் துள்ளி வாங்கிய வலியைத் துள்ளிக்கொண்டே போய்க் குணமாக்கச் சொன்னால், அந்தப் புனிதர் கல்லறைக்குள்ளேயே திரும்பிப் படுத்துக்கொள்வார். என் மகளிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். (கோபித்துக்கொள்ளாதே.) அவள் சொன்னாள்: "ஃபெலிசி ஆன்ட்டி பல்லு வலிச்சா பாறையைக் கடிப்பாங்க போல."

நான் சொல்வதைச் செய். ஏன், எதற்கு என்று கேட்காதே.

காலையில் கால் தரையைத் தொடுவதற்கு முன்னால், கட்டிலிலேயே உட்கார்ந்து, ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி உன் பக்கம் இழு. முழங்கால் மடங்கக் கூடாது. முப்பது எண்ணு, விடு. மூன்று தடவை. அருள்நிறைந்த மரியே நிதானமாக மூன்று முறை சொன்னாலும் கணக்கு சரியாக வரும், நான் பார்த்துவிட்டேன். பிறகு கட்டிலடியில் வைத்திருக்கும் செருப்பில் காலை நுழைத்த பிறகுதான் எழவேண்டும். வெறுங்காலோடு ஓர் அடிகூடக் கூடாது, குளியலறைக்கும்தான். அந்தக் கம்பளிச் செருப்பை அடுப்பில் போடு. அடி கெட்டியாக, குதிகால் பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கிற செருப்பு வேண்டும். வெளியே போகும் ஷூவுக்குள் சிலிகானில் செய்த குதிகால் மெத்தை வை. இரண்டு காலுக்கும் வை, ஒன்றுக்கு மட்டும் வைத்தால் இடுப்பு வலி வரும். மாலையில் தண்ணீர் ஊற்றி உறையவைத்த சின்ன பாட்டிலைத் தரையில் போட்டு உள்ளங்காலால் உருட்டு. காலுறை போட்டுக்கொண்டு பத்து நிமிடம். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை இழுக்கும் பயிற்சியும் உண்டு. அதை எழுதினால் புரியாது, பிசியோதெரபிக்குப் போ.

முக்கியமானது: துள்ளாதே. மெதுவாகப் பழகு. மே 22க்குள் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். முதல் மாதம் ஒன்றுமே தெரியாது. "இதெல்லாம் சும்மா" என்று தோன்றும். ஆறாவது வாரத்தில் ஒருநாள் குளியலறைக்குப் போய்த் திரும்பின பிறகுதான் வலிக்கவில்லை என்பது ஞாபகம் வரும்.

இர்மா


எக்டர்னாக்,
12 மார்ச்

இர்மா,

துண்டு, பாட்டில், சிலிகான் எல்லாம் செய்தேன். மூன்று வாரம் ஒரு நாள் விடவில்லை. பாட்டில் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மேசைக்கடியில் உருட்டிக்கொண்டிருந்தபோது திரு. கீஃபர் பட்டியலோடு வந்துவிட்டார். அது உருண்டு அவர் காலடிக்குப் போய் நின்றது. "ஐஸ் பெட்டி உடைஞ்சிடுச்சா, மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதையும் சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்க வேண்டும். உங்களால் என் பாவக் கணக்கு கூடுகிறது.

பிப்ரவரி கடைசியில் கொஞ்சம் குறைந்தது. குறைந்ததால் ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். பத்தே நிமிடம், ஷூ போட்டுக்கொண்டு, கம்பளத்தின் மேல். மறுநாள் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். இதை வேறு யாருக்கும் எழுதமாட்டேன்.

ஆகவே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். குதிகாலில் போடுகிற ஊசி ஒன்று இருக்கிறதாம், இரண்டு மூன்று வாரம் வலியே தெரியாதாம். இங்குள்ள டாக்டர் யோசிக்கிறார். துள்ளப் போகிறேன் என்றால் போடமாட்டேன் என்கிறார். நகரத்தில் வேறொருவரிடம் மே 15க்கு நேரம் வாங்கிவிட்டேன். அவரிடம் பவனியைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. 22ஆம் தேதி கல்லறை வரைக்கும் துள்ளுவேன். பிறகு கால் என்ன ஆனாலும் ஆகட்டும்.

நேற்று பிரெட்ஸெல் ஞாயிறு. கணவன் மனைவிக்கு முறுக்கு வடிவ பிரெட்ஸெல் ரொட்டி வாங்கித் தருகிற நாள். ஜோஸ் போனதிலிருந்து நீ எனக்கு ஒன்று தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தாய். இந்த வருடம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சனிக்கிழமை தபால்காரருக்காக ஜன்னலில் நின்றேன், கெட்டிச் செருப்போடு.

உன் இடத்தைப் பற்றி நீ இன்னும் எழுதவில்லை.

ஃபெலிசி


கிளெர்வோ,
15 மார்ச்

ஃபெலிசி,

அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதே. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன், இனி முடியாது.

சென்ற வருடம் நான் போட்டுக்கொண்டேன். பவனிக்குப் பதினோரு நாள் முன்னால். வலது கால். அதற்கு முன் எட்டு மாதம் அந்த வலியோடுதான் இருந்தேன். முதல் அடி ஆணி மாதிரி இருக்குமா என்று கேட்டேனே, மோப்பம் பிடித்துக் கேட்கவில்லை. நான் மிதித்த ஆணி அது.

ஊசி நல்ல ஊசிதான். ஓய்வில் இருக்கிறவர்களுக்கு. டாக்டர் மூன்று வாரம் துள்ளல், ஓட்டம் எதுவும் கூடாது என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு எக்டர்னாக்குக்கு ரயிலும் பேருந்தும் ஏறி வந்தேன். ஆற்றுப் பாலத்திலிருந்து சந்தை வரை எனக்கு இருபது வயது. வலியில்லாத இடத்தில் எத்தனை பலமாக மிதிக்கிறோம் என்று நமக்கே தெரியாது. சதுக்கத்துக் கற்களில் உள்ளங்காலுக்குள் ஏதோ ஒன்று கிழிந்தது. சத்தமே கேட்டதுபோல் இருந்தது. இன்னொரு அடி வைத்திருந்தால் உன்னையும் இழுத்துக்கொண்டு விழுந்திருப்பேன். விட்டுவிட்டேன். சந்துக்குள் போய் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து, நம் இசைக்குழு தாண்டிப்போகும் வரை காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கோடை முழுவதும் ஊன்றுகோல்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை? பவனிக்கு இரண்டு வாரம் முன்னால் நாம் காபி குடித்த நாளை யோசித்துப் பார். முந்தின வருடப் பவனியில் மரியெட் கால் வலி என்று பாதியில் நின்றதைப் பற்றிப் பேச்சு வந்தது. நீ பிளம் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாய்: "கால் வலிச்சா வீட்ல உக்காந்து ஜெபமாலை சொல்லட்டும். வரிசையைக் கெடுக்க எதுக்கு வரணும்?" மேசைக்கடியில் என் வலது ஷூ கழற்றிக் கிடந்தது. மெதுவாகக் காலை உள்ளே விட்டுக்கொண்டேன்.

அதனால்தான் காற்று என்றேன். வேறு எதையும் நீ மன்னிப்பாய் என்று தோன்றவில்லை.

பிரெட்ஸெல் வாங்கினேன். அனுப்பக் கூச்சமாக இருந்தது. நானே தின்றுவிட்டேன்.

இர்மா


எக்டர்னாக்,
9 ஏப்ரல்

இர்மா,

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. இடையில் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றில் நான் சரி என்று நிரூபித்திருந்தேன். நான்காவதில் அழுதிருந்தேன். இரண்டும் அனுப்பத் தகுந்தவை அல்ல.

நான் அப்படிச் சொன்னேன். அந்தக் கேக் கத்தி வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. எதிரே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

பெரிய வெள்ளியன்று மரியெட் வீட்டுக்குப் போனேன். நடந்தேதான், சிலிகானோடு. கதவைத் திறந்தவள் பயந்துபோனாள். நான் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் "எந்தக் கால், மேடம்?" என்று கேட்டு, என்னை உட்காரவைத்து, தன் குதிகால் மெத்தையை எடுத்துக் காட்டினாள். அரைமணி நேரம் இரண்டு பேரும் ஷூ அடிகளைப் பற்றியே பேசினோம். அவளுடையது என்னுடையதைவிட நல்லது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிட்புர்க் ஊரில் கிடைக்கிறதாம்.

மே 15 ஊசியை ரத்து செய்துவிட்டேன். துள்ளிப் பழகுவதில்லை. காலையில் துண்டு, மாலையில் பாட்டில். நீ சொன்ன ஆறாவது வாரம் எனக்கு மார்ச்சில் வராமல் ஈஸ்டர் திங்களன்று வந்தது. குளியலறைக்குப் போய்த் திரும்பி, கட்டிலில் வந்து உட்கார்ந்த பிறகுதான் வலிக்கவில்லை என்று உணர்ந்தேன்.

திரு. கீஃபரிடம் பேசினேன். என் நடு இடத்தைத் திருமதி ஷ்லெக்குக்குக் கொடுத்துவிட்டேன். வரிசையின் இடது ஓரத்து இரண்டு இடங்களையும் நமக்காக எழுதச் சொன்னேன். கடைசி இடம் உனக்கு, அடுத்தது எனக்கு. ஓரத்தில் இருந்தால் எந்த இடத்திலும் விலகிக்கொள்ளலாம், வரிசை அறாது. "ஓரத்துலயா, மேடம்? நீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

வருவாயா? முடிந்த வரை துள்ளுவோம். முடியாத இடத்தில் நிற்போம். முதலில் சொல்கிறவள் யாராக இருந்தாலும் மற்றவள் முகத்தைச் சுளிக்கக் கூடாது.

உன்,
ஃபெலிசி


கிளெர்வோ,
14 ஏப்ரல்

ஃபெலிசி,

வருகிறேன். பிட்புர்க் மெத்தை எனக்கும் ஒரு ஜோடி வாங்கி வை. 39 அளவு. ஷ்லெக் நடுவில் நிற்பதைப் பார்க்கவாவது வருவேன்.

இர்மா


எக்டர்னாக்,
11 மே

இர்மா,

மெத்தை வாங்கிவிட்டேன். ஒரு வாரம் முன்பே வந்து, ஷூவில் போட்டு நடந்து பழகிக்கொள். புதிய ஷூ அணியாதே. முந்தின நாளும் அன்று காலையும் நீட்டல் பயிற்சி இரண்டு முறை. இஸ்திரி போட்ட கைக்குட்டைகள் என்னிடம் உள்ளன, நீ கொண்டுவர வேண்டாம். நீ மடிப்பது எனக்குச் சரிப்படாது.

வலிக்கும்போது நீ கீழுதட்டைக் கடித்துக்கொள்வாய். பள்ளிக்கூடத்தில் ஊசி போடும்போதே பார்த்திருக்கிறேன். சென்ற வருடமும் அப்படித்தான் கடித்திருப்பாய். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் அப்படி இருக்கமாட்டேன்.

ஃபெலிசி


கிளெர்வோ,
24 மே

ஃபெலிசி,

உன் வீட்டில் இத்தனை நாள் இருந்தும் கேட்க முடியாததை எழுதிக் கேட்கிறேன்.

பாலத்திலிருந்து நன்றாகத்தான் போனோம். அந்தப் பழைய போல்காவை இருபது குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்க, இடம் வலம் என்று உடம்பு தானாகவே துள்ளியது. ஷ்லெக் அரைத் தாளம் முந்திக்கொண்டிருந்தாள், நீ பல்லைக் கடித்துக்கொண்டு துள்ளினாய். சதுக்கத்துக் கற்களில் கால் வைத்ததும் எனக்குத் தொடங்கிவிட்டது. கிழியவில்லை, ஆனால் எச்சரிக்கை. நான் ஒன்றும் சொல்லவில்லை. பேராலயம் கண்ணெதிரே தெரிந்தது. உனக்காக இன்னும் நூறடி தாங்கலாம் என்று நினைத்தேன்.

நீ ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாய். அடுத்த தாளத்தில் உன் இரண்டு கைகளும் திறந்துவிட்டன. நம் கைக்குட்டை என் கையிலேயே தொங்கியது. நீ விலகி, மருந்துக்கடை வாசலில், அந்தக் கிழவிகளின் வரிசையில், காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாய். பக்கத்து நாற்காலியை உள்ளங்கையால் தட்டினாய், எனக்கு.

வரிசையிலிருந்தே ஷ்லெக் கத்தினாள்: "என்ன ஃபெலிசி, முடியலையா?"

"குதிகால்" என்றாய் நீ, சதுக்கம் முழுக்கக் கேட்க. "நீங்க போங்க. தாளத்தைப் பாத்துப் போங்க."

பிறகு ஷூவைக் கழற்றி, ஊரார் முன்னிலையில், காலுறையோடு காலைத் தூக்கி நாற்காலி விளிம்பில் வைத்தாய். மரியெட் வீட்டிலிருந்து உறைந்த பாட்டில் வந்தது. அதை வாங்கி என் காலடியில் உருட்டிவிட்டாய். உன் காலடியில் அல்ல.

எல்லோரும் போன பிறகு கல்லறைக்கு நடந்தே போனோம். படியிறங்கும்போது உன்னைக் கவனித்தேன். நீ நொண்டவில்லை. கொஞ்சம்கூட நொண்டவில்லை.

உண்மையைச் சொல். உனக்கு வலித்ததா? இல்லை, எனக்காக விட்டாயா? நாற்பத்தைந்தாவது வருடம், ஃபெலிசி. உனக்கு அந்தக் கல்லறை வரைக்கும் துள்ளிப் போவது என்னவென்று எனக்குத் தெரியும்.

இர்மா


எக்டர்னாக்,
28 மே

இர்மா,

காற்று.

கொடிகள் அசையவில்லை என்று நீ சொல்வாய். பேராலயத்துப் பக்கம் அடிக்காமல் இருந்திருக்கலாம். நம் ஓரத்தில் பலமாகவே அடித்தது. மரியெட்டைக் கேள், அவளும் பார்த்தாளாம்.

கைக்குட்டையை மறந்து போய்விட்டாய், வழக்கம்போல. இத்துடன் வைத்திருக்கிறேன். உட்கார்ந்துகொண்டுதான் இஸ்திரி போட்டேன். மடிப்பு நேராகத்தான் வந்திருக்கிறது.

ஃபெலிசி